ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒன்று

1999ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செஸ்டர் நகர நீதிமன்றத்தில், புகழ்பெற்ற குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று ஓர் எண்ணைச் சொன்னார். வசதியான, வீட்டில் யாரும் புகைபிடிக்காத ஒரு குடும்பத்தில் இரண்டு கைக்குழந்தைகள் காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோவதற்கான வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. ஜூரிகளுக்கு விளங்கும்படி ஓர் உதாரணமும் தந்தார். கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்கவே ஜெயிக்காது என்று எல்லோரும் ஒதுக்கும் குதிரைமேல் நான்கு வருடம் தொடர்ந்து பணம் கட்டி, நான்கு முறையும் ஜெயிப்பதைப் போன்றது அது.

அந்தப் பேராசிரியர் ராய் மெடோ. குற்றவாளிக் கூண்டில் இருந்தவர் சாலி கிளார்க் என்ற இளம் வழக்குரைஞர். அவருடைய முதல் மகன் 1996 டிசம்பரில் பதினோரு வார வயதில் இறந்தான். இரண்டாவது மகன் 1998 ஜனவரியில் எட்டு வார வயதில் இறந்தான். இருவரையும் தாயே கொன்றார் என்றது அரசுத் தரப்பு. 1999 நவம்பரில் ஜூரிகள் பத்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவரைக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை.

அந்த எண் தவறு. கணக்குப் பிழையோடு முடிகிற தவறாக மட்டும் இருந்திருந்தால் புள்ளியியல் வகுப்பறையோடு விட்டுவிடலாம். ஒரு மனிதரைக் குற்றவாளி என்று முடிவுகட்ட நாம் எப்படி யோசிக்க வேண்டும் என்ற அடிப்படையையே அது தலைகீழாக்கியது.

முதலில் எண்ணின் பிறப்பைப் பார்ப்போம். பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, வேலையில் உள்ள, புகைபிடிக்காத, தாய்க்கு இருபத்தாறு வயதுக்கு மேல் ஆன குடும்பங்களில் காரணம் தெரியாத தொட்டில் மரணம் 8,543 குழந்தைகளில் ஒன்றுக்கு நேர்கிறது என்று மதிப்பிட்டிருந்தது. மெடோ 8,543ஐ 8,543ஆல் பெருக்கினார். கிட்டத்தட்ட 7 கோடியே 30 லட்சம் வந்தது. அவ்வளவுதான்.

இரண்டு நிகழ்ச்சிகளின் வாய்ப்புகளை இப்படிப் பெருக்கலாம்தான், ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோது மட்டும். நாணயத்தை இருமுறை சுண்டினால் முதல் சுண்டல் இரண்டாவதைப் பாதிக்காது. அண்ணன் தம்பி அப்படியல்ல. ஒரே தாய் தந்தையின் மரபணுக்கள், ஒரே வீடு, ஒரே காற்று. முதல் குழந்தையைக் கொண்டுபோன காரணம், அது என்னவென்று நமக்குத் தெரியாவிட்டாலும், இரண்டாவது குழந்தைக்குள்ளும் இருந்திருக்கலாம். போதாக்குறைக்கு, ஆபத்தைக் குறைக்கும் அம்சங்களை எல்லாம் கணக்கில் சேர்த்த பேராசிரியர், ஆபத்தைக் கூட்டும் ஒன்றைச் சேர்க்கவில்லை. தொட்டில் மரணம் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கே அதிகம். இறந்த இருவரும் ஆண் குழந்தைகள். 2001 அக்டோபரில் ராயல் புள்ளியியல் கழகம் இந்த எண்ணுக்குப் புள்ளியியல் ஆதாரமே இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. ஓர் அறிவியல் கழகம் ஒரு குற்ற வழக்கைக் குறித்து அப்படி வாய்திறப்பது அபூர்வம்.

இதைவிட ஆழமான பிழை வேறொன்று. எண் சரியாகவே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அது, கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் அல்ல.

ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தில் ஒரு கொலை. சம்பவ இடத்தில் கொலையாளியின் இரத்தத் துளி கிடைக்கிறது. அதன் அடையாளம் பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் பொருந்தும். போலீஸ் ஓர் ஆளைப் பிடிக்கிறது, பொருந்துகிறது. 'இவர் நிரபராதியாக இருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுதான்' என்று அரசு வழக்குரைஞர் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் தலையாட்டிவிடுவோம். ஆனால் ஒரு கோடிப் பேரில், கொலையாளியைத் தவிர, இன்னும் சுமார் பத்துப் பேருக்கு அதே அடையாளம் இருக்கும். அவர்களையும் சேர்த்தால் பதினோரு பேர். வேறு எந்தச் சாட்சியமும் இல்லையென்றால் பிடிபட்டவர் கொலையாளியாக இருப்பதற்கு வாய்ப்பு பதினொன்றில் ஒன்று. ஒரு நிரபராதிக்கு இந்த அடையாளம் பொருந்துவது எவ்வளவு அரிது என்பது ஒரு கேள்வி. பொருந்திய ஒருவர் நிரபராதியாக இருப்பது எவ்வளவு அரிது என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கு எழுதிக்கொள்வது உலகெங்கும் நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

சாலி கிளார்க் வழக்கில் இரண்டு குழந்தைகளும் இறந்துவிட்டார்கள், அது நடந்து முடிந்த விஷயம். மிச்சமிருந்த கேள்வி, அந்தச் சாவுகளுக்குச் சொல்லப்படும் இரண்டு விளக்கங்களில் எதற்கு எடை அதிகம் என்பதே. இரட்டைத் தொட்டில் மரணம் அரிதுதான். ஒரு தாய் தன் இரண்டு கைக்குழந்தைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொல்வது அதைவிட அரிதா இல்லையா? இந்த இரண்டாவது எண்ணை நீதிமன்றத்தில் யாரும் கேட்கவே இல்லை. சால்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ரே ஹில் பிற்பாடு கணக்கிட்டுப் பார்த்தார். இரட்டைக் கொலையைவிட இரட்டைத் தொட்டில் மரணமே நாலரை முதல் ஒன்பது மடங்கு வரை அதிக வாய்ப்புள்ளது என்று வந்தது. ஜூரிகள் காதில் விழுந்ததோ ஏழு கோடியே முப்பது லட்சம் மட்டும்.

இங்கேதான் நிரபராதி என்று கருதும் கோட்பாடு வருகிறது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதியே என்பதைச் சட்டத்தின் பெருந்தன்மை என்றும், குற்றவாளிகளுக்குக் காட்டும் சலுகை என்றும்கூடப் பலர் நினைக்கிறார்கள். நான் அதைச் சரியாக யோசிப்பதற்கான ஒழுக்கம் என்றே நினைக்கிறேன். நகர உதாரணத்தில், பிடிபட்டவரை நாம் முதலில் ஒரு கோடிப் பேரில் ஒருவராக மட்டுமே வைத்தோம். அதனால்தான் பதினொன்றில் ஒன்று என்ற நேர்மையான விடை கிடைத்தது. பிடித்துவிட்டார்களே, ஏதாவது இருக்கும் என்ற இடத்திலிருந்து ஆரம்பித்திருந்தால், சந்தேகத்தையே சாட்சியமாகக் கூட்டி, அதே சந்தேகத்தை மறுபடி விடையாக எடுத்திருப்போம்.

ஆங்கிலேயச் சட்டத்தில் இதைத் தீர்மானமாகச் சொன்ன வழக்கு 1935ஆம் ஆண்டினது. ரெஜினால்ட் வூல்மிங்டன் என்ற இருபத்தொரு வயதுப் பண்ணைத் தொழிலாளி, பிரிந்துபோன இளம் மனைவியைத் திரும்ப அழைத்துவரப் போனான். கையில் இருந்த துப்பாக்கி வெடித்து அவள் இறந்தாள். தன்னையே சுட்டுக்கொள்வேன் என்று மிரட்டத்தான் கொண்டுபோனேன், தவறுதலாக வெடித்துவிட்டது என்றான். அவன் சுட்டு அவள் இறந்தாள் என்பது தெளிவான பிறகு, அது கொலையல்ல என்று நிரூபிக்க வேண்டியது அவன் பொறுப்பு என்று விசாரணை நீதிபதி ஜூரிகளிடம் சொன்னார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. குற்றத்தை நிரூபிக்கும் கடமை அரசுத் தரப்புடையது என்பதே ஆங்கிலக் குற்றவியல் சட்டம் நெடுக ஓடும் பொன்னிழை என்றார் சாங்கி பிரபு. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1948இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் பதினோராம் பிரிவில் இதை உலகுக்கே பொதுவாக்கியது.

மெடோவின் பெயரால் குழந்தை மருத்துவ வட்டாரத்தில் ஒரு விதி புழங்கியது. ஒரே குடும்பத்தில் மூன்றாவது குழந்தையும் திடீரென இறந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை அதைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். யாருக்கு எதை நிரூபிக்கும் கடமை என்று பாருங்கள். வூல்மிங்டன் வழக்கில் பிரபுக்கள் சபை துடைத்தெறிந்த அதே வாதம், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மருத்துவ அங்கி போட்டுக்கொண்டு வந்து நின்றது.

நிரபராதி என்று கருதும் கோட்பாடு நீதிமன்றத்தில் தோற்பதற்கு வெகு முன்பே வேறோர் இடத்தில் தோற்றுவிடுகிறது. சாலியின் மூத்த மகன் இறந்தபோது பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், நுரையீரல் தொற்று என்று எழுதி இயற்கை மரணமாகவே பதிந்தார். இளையவன் இறந்த பிறகு அதே மருத்துவர் மூத்தவனின் சாவைப் பற்றிய தன் கருத்தை மாற்றிக்கொண்டார். மூத்தவன் உடலில் புதிதாக எதுவும் முளைத்துவிடவில்லை. இரண்டாவது சாவு முதல் சாவைச் சந்தேகத்துக்குரியதாக்கியது. பிறகு, சந்தேகத்துக்குரிய முதல் சாவு இரண்டாவதைக் கொலையாக்கியது.

அதே மருத்துவரிடம் இன்னொன்றும் இருந்தது. இளையவனின் உடலிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பல இடங்களில் இருந்ததாக ஆய்வக முடிவு வந்திருந்தது, மூளைத் தண்டுவட நீரில்கூட. அது விசாரணையில் வெளிவரவில்லை. சாலி சிறையில் இருந்தபோது அவர் தரப்பினர் மருத்துவமனைப் பதிவுகளைத் துருவித் துருவித்தான் அதைக் கண்டெடுத்தார்கள். 2003 ஜனவரி 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. முக்கியமாக இந்த மறைந்துபோன ஆய்வக முடிவுக்காகவே. அந்தப் புள்ளிவிவரம் ஜூரி முன் வந்திருக்கவே கூடாது என்பதையும் நீதிபதிகள் சேர்த்துச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த சாலி 2007 மார்ச்சில், நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். அளவுமீறிய மதுவே காரணம் என்றது மரண விசாரணை. அந்த வீட்டில் இரண்டு குழந்தைகளின் சாவுக்குத் துக்கம் காக்கக்கூட அந்தத் தாய்க்கு அவகாசம் தரப்படவில்லை என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

சாலி விடுதலையான இரண்டு மாதங்களில், 2003 மார்ச்சில், நெதர்லாந்தின் ஹேக் நகர நீதிமன்றம் லூசியா டி பெர்க் என்ற செவிலியருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2001 செப்டம்பரில் அவர் வேலை பார்த்த குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு கைக்குழந்தை இறந்தது. முதலில் இயற்கை மரணம் என்றார்கள். மறுநாளே அது இயற்கைக்கு மாறான மரணமாயிற்று. பிறகு, லூசியா பணியில் இருந்தபோது நடந்த பழைய சம்பவங்களை எல்லாம் தோண்டினார்கள். எது சந்தேகத்துக்குரிய சம்பவம் என்று தீர்மானிப்பதிலேயே அவர் அங்கே இருந்தாரா என்பது கலந்துவிட்டது. அப்படித் திரட்டிய பட்டியலைப் பார்த்தால் சந்தேகச் சம்பவம் நடந்தபோதெல்லாம் லூசியா இருப்பார், வேறெப்படி இருக்கும்? தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பு 34 கோடியே 20 லட்சத்தில் ஒன்று என்ற எண் நீதிமன்றத்துக்கு வந்தது.

மூன்று வார்டுகளுக்குத் தனித்தனியே கிடைத்த எண்களை ஒன்றோடொன்று பெருக்கியதில் பிறந்த எண் அது. அப்படிப் பெருக்கக் கூடாது. காரணம் எளியது. எந்தத் தப்பும் செய்யாத ஒரு செவிலியருக்கு ஒவ்வொரு மருத்துவமனையிலும் சராசரியாக இரண்டில் ஒன்று என்ற அப்பாவி எண்ணே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வாழ்நாளில் இருபது இடங்களில் வேலை பார்த்திருந்தால், பெருக்கிய விடை பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே போய்விடும். இடம் மாறி வேலை பார்த்ததே குற்றமாகிவிடும். ரிச்சர்ட் கில் முதலிய புள்ளியியல் அறிஞர்கள் தரவுகளைச் சரிசெய்து, முறையைத் திருத்திப் பார்த்தபோது அந்த வாய்ப்பு இருபத்தைந்தில் ஒன்று என்ற அளவுக்குக்கூட உயர்ந்தது. இன்னொரு சங்கதியை எவரும் முதலில் எண்ணிப்பார்க்கவில்லை. அந்தக் குழந்தைகள் வார்டில் லூசியா சேர்வதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஏழு குழந்தைகள் இறந்திருந்தன. அவர் இருந்த மூன்று ஆண்டுகளில் ஆறு. தொடர்கொலைகாரி வந்த பிறகு சாவு குறைந்திருக்கிறது.

மெட்டா டி நோ என்ற மருத்துவரும், அவருடைய சகோதரரான அறிவியல் தத்துவப் பேராசிரியர் டோன் டெர்க்சனும் விடாமல் போராடினார்கள். லூசியாவுக்குச் சிறையிலேயே பக்கவாதம் வந்தது. 2010 ஏப்ரலில் அவர் நிரபராதி என விடுவிக்கப்பட்டார்.

லூசியாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்ட அதே 2003, மே மாதம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் காத்லீன் ஃபோல்பிக் தன் நான்கு குழந்தைகளைக் கொன்றதாகத் தீர்ப்பு வந்தது. 1989க்கும் 1999க்கும் இடையில் நால்வரும் இறந்திருந்தார்கள், பத்தொன்பது நாள் வயதிலிருந்து ஒன்றரை வயது வரை. மூச்சை அடைத்ததற்கான உடல்ரீதியான தடயம் எதுவும் இல்லை. கடைசிக் குழந்தையின் பிரேதப் பரிசோதனையில் இதயத் தசை அழற்சி தெரிந்தது. அந்தக் குழந்தை மட்டும் இறந்திருந்தால் அதையே காரணமாக எழுதியிருக்கக்கூடும். முன்பு மூவர் இறந்த வீடு என்பதால் காரணம் தீர்மானிக்கப்படவில்லை என்று எழுதப்பட்டது. தாயின் நாட்குறிப்புகளில் இருந்த தன்னிரக்கமும் குற்ற உணர்வும் ஒப்புதல் வாக்குமூலமாக வாசிக்கப்பட்டன. பிள்ளை இறந்த எந்தத் தாய் தன்னைப் பழித்துக்கொள்ளாமல் இருப்பாள்? அரசு வழக்குரைஞர் இறுதி வாதத்தில், நான்கும் இயற்கை மரணங்கள் என்பதைத் தன்னால் பொய்யென்று நிறுவ முடியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒருநாள் பன்றிக்குட்டிகள் சிறகோடு பிறக்கக்கூடும் என்பதையும்தான் மறுக்க முடியாது என்று முடித்தார். நிரூபிக்கும் கடமை யாருக்கு என்ற கேள்வி அந்த ஏளனத்தில் அடித்துச் செல்லப்பட்டது. நாற்பது ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் முப்பதாகக் குறைந்தது.

2018இல் காரோலா வினுவேசா என்ற நோயெதிர்ப்பியல் விஞ்ஞானி காத்லீனின் மரபணுத் தொகுதியை வாசித்துப் பார்க்க முன்வந்தார். கால்ம்-2 என்ற மரபணுவில் ஒரு திரிபு இருந்தது. குழந்தைகளின் பாதுகாக்கப்பட்டிருந்த மாதிரிகளைச் சோதித்தபோது இரண்டு பெண் குழந்தைகளிடமும் அதே திரிபு. இந்த மரபணு கால்மோடுலின் என்ற புரதத்தைத் தயாரிப்பது. இதயத் தசைச் செல்களுக்குள் கால்சியம் எப்போது புக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவதில் அதற்குப் பங்குண்டு. உடல் இந்தப் புரதத்தை மூன்று வெவ்வேறு மரபணுக்களிலிருந்து ஒரே வடிவில் செய்துகொள்கிறது. ஆனாலும் ஒன்றில் பிழை வந்தால்கூடத் துடிப்பு தாளம் தப்பி இதயம் திடீரென நின்றுவிடலாம். காய்ச்சலோ சில மருந்துகளோ அதைத் தூண்டலாம். டென்மார்க்கில் மைக்கேல் டாஃப்ட் ஓவர்கார்ட் குழுவினர் ஆய்வகத்தில் சோதித்து, இந்தத் திரிபு புரதத்தின் வேலையைக் கெடுப்பதைக் காட்டினார்கள். இரண்டு ஆண் குழந்தைகளிடம் இது இல்லை. அவர்களிடம் வேறொரு மரபணுவில் அரிய திரிபுகள் இருந்தன. அந்த மரபணு பழுதான எலிகள் வலிப்பு வந்து இளமையிலேயே இறப்பதுண்டு. இரண்டாம் மகனுக்கு உயிரோடு இருந்தபோதே வலிப்பு இருந்தது.

கால்மோடுலின் மரபணுக்களுக்கும் திடீர் இதய மரணத்துக்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் அறிவியல் இதழில் வெளியானது 2012இல். காத்லீனுக்குத் தண்டனை விதித்த 2003இல் உலகில் எந்த மருத்துவருக்கும் அது தெரியாது. அவர் எவ்வளவு திறமையான வழக்குரைஞரை வைத்திருந்தாலும், எவ்வளவு பணம் செலவழித்திருந்தாலும், தன் பிள்ளைகள் எதனால் இறந்தார்கள் என்று நிரூபித்திருக்க முடியாது. ஒன்பது ஆண்டு கழித்துப் பிறக்கப்போகும் அறிவை அந்தப் பெண் கொண்டுவர வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்த்தது. காரணம் தெரியவில்லை என்பது மருத்துவத்தில் ஒரு நேர்மையான விடை. நீதிமன்ற வாசலைத் தாண்டியதும் அது குற்றத்தின் அடையாளமாகிவிடுகிறது.

இதைப் பிரிட்டன் நீதிபதிகள் 2004 ஜனவரியிலேயே உணர்ந்தார்கள். ஆஞ்சலா கேனிங்ஸ் என்ற இன்னொரு தாயின் வழக்கில் அவர்கள் எழுதிய தீர்ப்பு, நிபுணர்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இருந்து இயற்கை மரணம் என்ற சாத்தியத்தை ஒதுக்க முடியாதபோது, வேறு வலுவான சாட்சியம் இல்லாமல் வழக்கே தொடரக் கூடாது என்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, மூன்று குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட திருப்தி படேல் என்ற மருந்தாளுநரை ஜூரி விடுவித்திருந்தது. அவருடைய எண்பது வயதுப் பாட்டி இந்தியாவிலிருந்து விமானம் ஏறிப் போய், தன் பிள்ளைகளிலும் ஐந்து பேர் கைக்குழந்தைகளாகவே இறந்துபோனார்கள் என்று சாட்சி சொன்னார். ஏழு கோடியைவிட அந்தக் கிழவியின் சாட்சியம் அறிவியலுக்கு நெருக்கமானது. சாவுகள் குடும்பங்களில் சேர்ந்து வரும் என்பதைத்தான் அவர் சொன்னார்.

காத்லீனின் முறையீட்டை 2019இல் நடந்த முதல் மறுவிசாரணை ஏற்கவில்லை. மரபணுச் சான்றைவிட நாட்குறிப்புகளுக்கே அது எடை கொடுத்தது. 2021 மார்ச்சில், நோபல் பரிசு பெற்றவர்கள் உட்படத் தொண்ணூறு விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்திட்டு மாநில ஆளுநருக்கு மனு அனுப்பினார்கள். முன்னாள் தலைமை நீதிபதி டாம் பாத்தர்ஸ்ட் தலைமையில் இரண்டாவது விசாரணை நடந்தது. எந்த நிபுணர்களைக் கேட்பது என்பதில் ஆஸ்திரேலிய அறிவியல் அகாதமி அதற்குச் சார்பற்ற ஆலோசகராக இருந்தது. இம்முறை உளவியல் நிபுணர்களும் நாட்குறிப்புகளை வாசித்து, அவை கொலையின் ஒப்புதல் அல்ல, துக்கத்தின் பதிவு என்றார்கள். 2023 ஜூன் 5 அன்று மன்னிப்பு. அதே ஆண்டு டிசம்பரில் தண்டனைகள் எல்லாம் ரத்து. இருபது ஆண்டுகள் போயிருந்தன.

சாலி கிளார்க்கின் வழக்கை மேல்முறையீட்டுக்குத் திருப்பி அனுப்பியது குற்ற வழக்குகள் மறுஆய்வு ஆணையம். பழைய தண்டனைகளைப் புதிய சான்றுகளோடு மறுபடி ஆராய்வதற்கென்றே இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்காக 1997இல் அமைத்த தனி அமைப்பு அது. ஸ்காட்லாந்து, நார்வே, நியூசிலாந்து நாடுகளிலும் பின்னர் அப்படி அமைப்புகள் வந்தன. காத்லீன் சிறையில் இருந்த இருபது ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியாவில் அப்படி ஓர் ஆணையம் இல்லை. அதனால்தான் அவர் வழக்கு, சிறைக்கு வெளியே விடாமல் அலைந்த பள்ளித் தோழிகளையும், கட்டணம் வாங்காமல் உழைத்த வழக்குரைஞர்களையும், வேறு வேலைகளை விட்டுவிட்டுப் புரதத்தைச் சோதித்த ஆய்வகங்களையும் நம்பி நிற்க வேண்டியிருந்தது.